ஐபிஎஸ்-க்கு ஹிப்னோதெரபி: ஆழமாக மயங்காதவர்களுக்குப் பலிக்காதா?

தென்றல்77 | மார்ச் 3, இரவு 9:12

ரத்தப் பரிசோதனை, கொலோனோஸ்கோபி எல்லாம் சரியாக வந்து, கடைசியில் ஐபிஎஸ் (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்: சோதனையில் எதுவும் தெரியாமலே வயிற்று வலி, உப்புசம், வயிற்றுப்போக்கு அல்லது மலச்சிக்கல் நீடிக்கும் குடல் கோளாறு) என்று முடிவான ஒருவருக்காகக் கேட்கிறேன். மாத்திரையும் உணவுக் கட்டுப்பாடும் பாதிதான் கேட்டன. அடுத்து ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிச நிலையில் சொற்களால் செய்யும் சிகிச்சை என்கிறார்கள். "எல்லாம் உன் மனசுலதான் இருக்கு" என்பதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறார்கள் என்று படுகிறது. அதோடு, ஹிப்னாடிசத்தில் எல்லோரும் ஆழமாகப் போவதில்லையே. லேசாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் என்ன பயன்?

மருதம் | மார்ச் 3, இரவு 10:40

முதலில் இரண்டாவது கேள்வி. மயக்கத்தின் ஆழத்துக்கும் குடல் குணமாவதற்கும் பலமான தொடர்பு இல்லை. லேசாகத் தளர்ந்து உட்கார்ந்து, சொல்வதை எல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கும் நன்றாகப் பலிக்கிறது. பலனைத் தீர்மானிப்பவை இரண்டு: சொல்லப்படும் சொற்கள் குடலைக் குறிவைத்தவையா, அவற்றை வீட்டில் தினமும் கேட்கிறாரா.

இனி "மனசுலதான்" என்பது. ஐபிஎஸ் உள்ளவரின் மலக்குடலில் சிறு பலூனை வைத்து மெதுவாகக் காற்றேற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு வெறும் நிறைந்த உணர்வு வருகிற அழுத்தத்திலேயே இவர்களில் பலருக்கு வலி வந்துவிடும். குடலில் புண்ணோ கட்டியோ இல்லை. அங்கிருந்து போகிற சமிக்ஞை மூளையில் பெரிதாகிக் கேட்கிறது. மூளை திருப்பி அனுப்பும் கட்டளையும் குடலின் அசைவை மாற்றுகிறது. இது கற்பனை வலி அல்ல. ஹிப்னோதெரபிக்குப் பிறகு இதே பலூன் சோதனையைத் திரும்பச் செய்தபோது, அளவுக்கு மீறிய உணர்திறன் இருந்தவர்களின் அளவுகள் இயல்பை நோக்கி நகர்ந்தன. ஏற்கெனவே இயல்பாக இருந்தவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை. வலியை ஒட்டுமொத்தமாக மரத்துப்போகச் செய்யும் சிகிச்சை என்றால் இரு தரப்பிலும் உணர்வு குறைந்திருக்க வேண்டும் அல்லவா?

மருதம் | மார்ச் 4, காலை 7:05

நேற்று வரலாற்றை விட்டுவிட்டேன். 1984-இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவரின் குழு லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வுதான் தொடக்கம். எந்த மருந்துக்கும் கேட்காத, கடுமையான ஐபிஎஸ் உள்ள 30 பேர். ஒரு பாதிக்கு மூன்று மாதத்தில் ஏழு அரைமணி நேர ஹிப்னோதெரபி அமர்வுகள். மறுபாதிக்கு அதே அளவு நேரம் உளவியல் பேச்சு, கூடவே மருந்தில்லாத மாத்திரை. வலி, உப்புசம், மலப்போக்கு மூன்றிலும் முதல் குழு தெளிவாக முந்தியது. ஒருவர் உட்கார்ந்து அனுசரணையாகக் கேட்பதே போதும் என்றால் இரண்டாவது குழுவும் அதே அளவு தேறியிருக்க வேண்டும்.

கணக்கன் | மார்ச் 4, மதியம் 1:22

30 பேரை வைத்துக்கொண்டு ரொம்ப தூரம் போக வேண்டாம். 2007-இல் காக்ரேன் மதிப்பாய்வு (ஒரு சிகிச்சை பற்றிய ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடுவது) தேடியபோது தேறியவை நான்கே ஆய்வுகள், மொத்தம் 147 பேர். தரம் போதாது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் முடித்தார்கள்.

அதன் பிறகு வந்ததைப் பாருங்கள். 2015-இல் மான்செஸ்டர் குழு 1000 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது: 76 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 2019-இல் நெதர்லாந்தில் 354 பேரை வைத்துச் சீட்டுக் குலுக்கல் முறையில் செய்த ஆய்வு: மூன்று மாத முடிவில் நிவாரணம் கண்டவர்கள் தனிநபர் ஹிப்னோதெரபியில் 41 சதவீதம், குழு ஹிப்னோதெரபியில் 33 சதவீதம், விளக்கமும் ஆதரவும் மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். 76 எங்கே, 41 எங்கே? எதை நம்பச் சொல்கிறீர்கள்?

மருதம் | மார்ச் 4, இரவு 8:50

இரண்டையும் நம்பலாம். அளந்த கோல் வேறு.

மான்செஸ்டர் கணக்கில் ஐபிஎஸ் கடுமை அளவுகோல் 500-இல் 50 புள்ளி குறைந்தாலே முன்னேற்றம். நெதர்லாந்தில் "போதுமான நிவாரணம் கிடைத்ததா, இல்லையா?" என்று நேராகக் கேட்டார்கள். 350-இல் இருந்து 290-க்கு இறங்கியவர் முதல் கணக்கில் வெற்றி. இரண்டாவது கேள்விக்கு அவரே "இல்லை" என்று சொல்லலாம். அடுத்தது, 1000 பேர் கணக்கில் ஒப்பீட்டுக் குழுவே கிடையாது. அது ஒரு சிறப்பு மையத்தின் சொந்தப் பதிவேடு. அங்கே 12 அமர்வுகள், நெதர்லாந்தில் 45 நிமிடத்தில் ஆறு அமர்வுகள்.

நெதர்லாந்து ஆய்வில் எனக்கு அதிகம் முக்கியமாகப் படுவது ஓராண்டு கழித்துப் பார்த்த எண்கள்: தனிநபர் 41, குழு 50, ஒப்பீட்டுக் குழு 23. சிகிச்சை முடிந்து மாதங்கள் ஓடிய பிறகும் பலன் கரையவில்லை. மாத்திரையை நிறுத்தினால் அதன் பலனும் பெரும்பாலும் சேர்ந்து நின்றுவிடும். மான்செஸ்டரின் 2003 தொடர் கண்காணிப்பும் இதையே சொல்கிறது: 204 பேரில் 71 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் பலித்தது, அப்படிப் பலித்தவர்களில் 81 சதவீதம் பேர் ஓராண்டு முதல் ஐந்தாண்டுக்கு மேல் வரை அந்த முன்னேற்றத்தைத் தக்கவைத்திருந்தார்கள்.

ஆகவே ஒருவருக்கு எண் சொல்ல வேண்டுமென்றால் 76-ஐச் சொல்லி ஆசை காட்ட மாட்டேன். "ஏறக்குறைய பாதிப் பேருக்கு நன்றாகப் பலிக்கிறது, பலித்தால் நீண்ட நாள் நிற்கிறது" என்பேன்.

வெண்ணிலா_செவிலி | மார்ச் 5, காலை 6:30

எண்ணுக்குப் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். வந்திருப்பது ஐபிஎஸ்தானா? 2016-இன் ரோம் 4 வரையறைப்படி (குடல் கோளாறுகளை அடையாளம் காண நிபுணர்கள் வகுத்தது) கடந்த மூன்று மாதமாக வாரத்தில் குறைந்தது ஒரு நாள் வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு வலி தொடர்புபடுவது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் பதம் மாறுவது என்ற மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய மாற்றம், குடும்பத்தில் குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவர், அப்புறம்தான் ஹிப்னோதெரபி. சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படுவது) ரத்தப் பரிசோதனையும், குடல் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் மலக் கால்ப்ரொடெக்டின் சோதனையும் பார்த்திருக்க வேண்டும்.

ஐபிஎஸ் என்றே பெயர் வைக்கப்பட்டு ஹிப்னோதெரபிக்கு அசையாத இரண்டு உண்டு. ஒன்று, பித்த அமிலம் பெருங்குடலுக்கு அதிகமாக இறங்குவதால் வரும் வயிற்றுப்போக்கு. அதற்குத் தனி மருந்து இருக்கிறது. இன்னொன்று, முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத்தளத் தசை இறுகுவதால் வரும் மலச்சிக்கல். அதற்கு பயோஃபீட்பேக், அதாவது தசையின் இறுக்கத்தைக் கருவியில் பார்த்தே தளர்த்தப் பழகும் பயிற்சிதான் வழி. மணிக்கணக்காக முக்கியும் வெளியே வராது, கையால் உதவ வேண்டியிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் ஆறு அமர்வு ஆடியோ கொடுத்து அனுப்பாதீர்கள்.

தென்றல்77 | மார்ச் 5, மாலை 5:15

அந்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்துவிட்டன. உள்ளே என்னதான் நடக்கும், அதைச் சொல்லுங்கள். ஊசலைக் கண்ணெதிரே ஆட்டுவார்களா?

மருதம் | மார்ச் 5, இரவு 11:02

ஊசல் கிடையாது. நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் அமர்வில் பெரும்பாலும் மயக்கமே இருக்காது. வாயிலிருந்து மலக்குடல் வரை படம் போட்டு, குடல் தசை எப்படி அலை அலையாகச் சுருங்குகிறது, எங்கே அது பிசகுகிறது என்று காட்டுவார்கள். பிறகு கேள்விகள். நல்ல தெரபிஸ்ட் இங்கேதான் நேரம் செலவழிப்பார், ஏனென்றால் பிறகு பேசப்போகும் உருவகங்களுக்கான சரக்கு நோயாளியின் வாயிலிருந்தே வர வேண்டும். வலி எப்படி இருக்கிறது? "முறுக்குது" என்கிறவருக்கு முறுக்கிய கயிறு பிரி பிரியாக அவிழ்வது. "எரியுது" என்கிறவருக்குக் குளிர்ச்சி. "கல்லு மாதிரி" என்கிறவருக்கு இளகுவது. எரிகிறது என்பவரிடம் "இதமான சூடு பரவுகிறது" என்றால் வலி கூடும். இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே எல்லோருக்கும் ஒரே பதிவைக் கொடுப்பதுதான் நடக்கிற தவறுகளில் பெரியது.

இரண்டாவது அமர்விலிருந்து ஒரு வரிசை. தலை சாய வசதியுள்ள நாற்காலி. ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி இமை கனக்க விடுவது, அல்லது மூச்சை எண்ணுவது. நெற்றியிலிருந்து கால்விரல் வரை தசைகளைத் தளர்த்துவது. பத்திலிருந்து ஒன்று வரை இறங்கும் படிக்கட்டு. பிறகு அவருக்குப் பிடித்த, பாதுகாப்பாக உணரும் இடம். இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அதன்பின்தான் குடலுக்கான பகுதி, அதுவும் பத்துப் பதினைந்து நிமிடம். முடிவில் "இதை நானே கட்டுப்படுத்த முடியும்" என்ற தெம்பை ஊட்டும் சொற்கள். கடைசியாக ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி வெளியே கொண்டுவருவது.

வெளியே கொண்டுவருவதை அவசரமாகச் செய்பவர்கள் உண்டு. கை கனக்கிறது, கால் கனக்கிறது என்று சொல்லி உள்ளே கூட்டிப்போனவர், "கை கால் பழைய லேசான நிலைக்கு வந்துவிட்டது, தலை தெளிவாக இருக்கிறது" என்று சொல்லியே வெளியே கூட்டிவர வேண்டும். இல்லையென்றால் அந்தக் கனமும் மந்தமும் சிறிது நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், சிலருக்குத் தலைவலி வரும். எழுந்தவுடன் வண்டி எடுக்கக் கூடாது.

எத்தனை அமர்வு? மான்செஸ்டர் முறையில் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. வடக்கு கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஓலாஃபர் பால்சன் வகுத்த முறையில் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக ஏழு. ஒவ்வொரு அமர்விலும் பேச வேண்டிய சொல் முழுக்க எழுதிவைக்கப்பட்டது, அப்படியே படிக்க வேண்டும். மான்செஸ்டர் குழுவே பிறகு 448 பேரிடம் ஆறையும் பன்னிரண்டையும் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டது. பலனில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே ஆறேழு அமர்வு என்றால் குறைவாகக் கொடுக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

மருதம் | மார்ச் 6, காலை 6:48

நேற்று குடலுக்கான பகுதியைப் பெயரளவில் சொல்லி நகர்ந்துவிட்டேன். அதுதான் உயிர்நாடி, கிட்டத்தில் பார்ப்போம். கையை வயிற்றில் வைக்கும் உத்தி இப்படிப் போகும்:

"வலது உள்ளங்கையை வயிற்றின் மேல் வையுங்கள்... எங்கே வைக்கத் தோன்றுகிறதோ அங்கே... துணி கையில் படுவதைக் கவனியுங்கள்... கைக்கும் வயிற்றுக்கும் நடுவே கொஞ்சம் இதம் இப்போதே தெரிகிறதா, கொஞ்ச நேரத்தில் தெரியப்போகிறதா என்று பாருங்கள்... மூச்சு வெளியே போகும்போதெல்லாம் அந்த இதம் தோலைத் தாண்டி, தசையைத் தாண்டி, உள்ளே இறங்கட்டும்... குடல் தன் வேலையைத் தன் வேகத்தில் செய்கிறது... நாள் போகப் போக அது இன்னும் சீராக..."

"எங்கே வைக்கத் தோன்றுகிறதோ" என்பதில் நோயாளியே வலியின் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். துணி கையில் படுவது யாராலும் மறுக்க முடியாத உணர்வு. உண்மையான ஒன்றிலிருந்து தொடங்கினால் அடுத்து வருவதையும் உடல் ஏற்கும். "இப்போதா, கொஞ்ச நேரத்திலா" என்று கேட்பதால் இதம் தெரியவில்லையே என்ற பதற்றத்துக்கு இடமில்லை. "நாள் போகப் போக" என்பதை விட்டுவிட்டு "இனி வலி இருக்காது" என்று சொன்னால் மறுநாள் காலை லேசாக வலித்ததும் மொத்த நம்பிக்கையும் சரியும்.

படிக்கும் வேகமும் முக்கியம். கேட்பவரின் மூச்சு வெளியே போகும்போது சொல்லை விட வேண்டும், உள்ளே வரும்போது நிறுத்த வேண்டும். காகிதத்தைப் பார்த்துக் கடகடவென்று படிப்பவரிடம் எவ்வளவு நல்ல ஸ்கிரிப்ட் இருந்தும் எடுபடாது.

வெண்ணிலா_செவிலி | மார்ச் 6, காலை 9:20

ஓடும் ஆற்றின் உருவகத்தையும் சேர்த்துவிடுங்கள். பலர் அதில்தான் இடறுகிறார்கள்.

மருதம் | மார்ச் 6, இரவு 9:33

ஆமாம், சேர்க்க வேண்டியது. குடலை ஓடும் ஆறாகக் காண்பது. வயிற்றுப்போக்கு வகைக்கு, மலையில் பாய்ந்து வரும் வெள்ளம் சமவெளிக்கு வந்து அகன்று மெதுவாகிறது. மலச்சிக்கல் வகைக்கு, கட்டைகளும் சருகுகளும் அடைத்த இடம் ஒவ்வொன்றாக விலகி நீர் நகர்கிறது. இரண்டும் மாறி மாறி வருகிறவருக்கு இவற்றில் எதைத் தனியாகக் கொடுத்தாலும் வம்பு. அவருக்கு மதகுதான் சரி: தன் கையாலேயே திறந்தும் தாழ்த்தியும் ஒரே சீரான ஓட்டத்துக்குக் கொண்டுவருவது. சிக்கல் வகையாளர் கேட்க வேண்டிய பதிவில் "மெதுவாகிறது, அடங்குகிறது" என்று வந்தால் குறை கூடத்தான் செய்யும்.

தண்ணீருக்குப் பயப்படுபவருக்கு ஆறு வேண்டாம். கண்ணை மூடினால் படமே வராதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பார்வையை விட்டுத் தொடு உணர்வு, ஒலி, தாளம் வழியே போகலாம். பாதுகாப்பான இடத்தையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். "கடற்கரையில் நிற்கிறீர்கள்" என்று தெரபிஸ்ட் தானே முடிவு செய்து, கேட்பவருக்குக் கடற்கரையோடு ஒரு துக்கம் இருந்தால் அமர்வு அங்கேயே கெட்டது.

வயிற்றுப்போக்கு வகையில் பாதி துன்பம் வலியில் இல்லை, "நடுவழியில் வந்துவிட்டால்?" என்ற பயத்தில் இருக்கிறது. எங்கே போனாலும் முதலில் கழிப்பறையைத் தேடுவது, பயணத்துக்கு முன் பட்டினி கிடப்பது. நான்காவது ஐந்தாவது அமர்வில் இதை ஒத்திகை பார்க்க வேண்டும்: பேருந்தில் ஏறி உட்கார்கிறார், வயிறு லேசாக அசைகிறது, கையை வைக்கிறார், மூச்சு விடுகிறார், அசைவு அடங்குகிறது, இறங்க வேண்டிய இடத்தில் இறங்குகிறார். கோபமும் கிளர்ச்சியும் பெருங்குடல் அசைவைக் கூட்டுவதை மான்செஸ்டர் குழு 1992-இல் ஹிப்னாடிச நிலையிலேயே அளந்து காட்டியது. பயத்தைத் தொடாமல் குடலை மட்டும் அமைதிப்படுத்தி அனுப்பினால் பேருந்தைக் கண்டதும் திரும்ப ஆரம்பித்துவிடும்.

தென்றல்77 | மார்ச் 7, இரவு 10:10

வீட்டில் கேட்க வேண்டிய ஆடியோவைப் படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறார்கள். அதுவும் கணக்கில் சேருமா?

மருதம் | மார்ச் 7, இரவு 10:55

எப்போதாவது என்றால் பாதகமில்லை. தினமும் என்றால் அது தூக்க மருந்து ஆகிவிட்டது, பயிற்சி நடக்கவில்லை. விழிப்போடு உடலைத் தளர்த்தக் கற்பதுதான் இங்கே நோக்கம். பகலில் வயிறு இழுக்கும்போது கண் திறந்தபடியே அதைச் செய்ய முடிய வேண்டும். நாளுக்கு ஒரு தடவை, பதினைந்து இருபது நிமிடம், உட்கார்ந்து, வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே அல்லாமல். படுக்கைக்குப் போகும் நேரத்தைத் தவிர வேறு நேரமே இல்லை என்றால் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் படுக்கட்டும். வண்டி ஓட்டும்போதும் இயந்திரத்தில் வேலை செய்யும்போதும் கேட்கவே கூடாது.

தெரபிஸ்டிடம் போவது வாரத்துக்கு அரைமணியோ முக்கால் மணியோ. மீதி நாளெல்லாம் வீட்டில். பாட்டு வகுப்புக்குப் போய்விட்டு வீட்டில் சாதகம் செய்யாதவர் கதைதான் ஆடியோ கேட்காதவர் கதையும். அமர்வு வீணாகிறது என்று சிகிச்சையைக் குறை சொல்லும் முன் இதைக் கேளுங்கள்.

கணக்கன் | மார்ச் 8, மதியம் 12:40

என் பழைய சந்தேகம் தீரவில்லை. இங்கே யார் எந்தச் சிகிச்சையில் இருக்கிறார் என்பதை மறைக்கவே முடியாது. 2010-இல் ஹார்வர்டின் டெட் கேப்டச்சக் குழு 80 ஐபிஎஸ் நோயாளிகளில் ஒரு பகுதியினரிடம் "இதில் மருந்தே இல்லை" என்று வெளிப்படையாகச் சொல்லியே மாத்திரை கொடுத்தது. மூன்று வார முடிவில் அவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். எதுவும் கொடுக்கப்படாதவர்களில் 35. எதிர்பார்ப்பு மட்டுமே இவ்வளவு செய்யும் நோயில், ஹிப்னோதெரபிக்கென்று தனிப் பலன் எவ்வளவு?

மருதம் | மார்ச் 8, இரவு 9:15

இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. எதிர்பார்ப்பும் பலனில் ஒரு பங்கு என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி 2021-இல் குடல் சார்ந்த உளச் சிகிச்சைகளைப் பரிந்துரைத்தபோதும் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்று குறித்தே பரிந்துரைத்தது.

ஆனால் கேப்டச்சக் ஆய்வு மூன்று வாரம். நெதர்லாந்து ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவும் கவனிப்பும் விளக்கமும் பெற்றது. ஓராண்டு கழித்தும் அது 23-இல் நிற்க, மற்ற இரண்டும் ஏறக்குறைய இரு மடங்கில் நின்றன. குழந்தைகளில் இது இன்னும் துலக்கம். 2007-இல் நெதர்லாந்தில் 8 முதல் 18 வயது வரையான 53 பேரில் செய்த ஆய்வில் ஓராண்டு முடிவில் ஹிப்னோதெரபி பெற்றவர்களில் 85 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 25 சதவீதம் தேறியிருந்தார்கள். சராசரியாக ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது 68-ம் 20-ம். இவ்வளவு காலம் இவ்வளவு இடைவெளியை எதிர்பார்ப்பு ஒன்றே தாங்கிப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பலூன் சோதனை முடிவையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கணக்கன் | மார்ச் 8, இரவு 9:41

நீண்டகாலக் கணக்கை ஏற்கிறேன். பெரியவர்களிடம் அப்படியொரு ஐந்தாண்டு ஒப்பீட்டு ஆய்வு வரட்டும், மீதியையும் ஏற்கிறேன்.

வெண்ணிலா_செவிலி | மார்ச் 10, காலை 7:00

உணவு பற்றி யாரும் எழுதவில்லை. ஃபாட்மேப் (குடலில் எளிதில் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரைச் சத்துகள்) குறைந்த உணவும் ஹிப்னோதெரபியும் சேர்ந்தால் பலன் இரட்டிக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் 74 பேரில் மூன்று குழுவாகப் பார்த்தார்கள், 2016-இல் வெளியானது. தேறியவர்கள் ஹிப்னோதெரபி மட்டும் 72 சதவீதம், உணவு மட்டும் 71, இரண்டும் சேர்த்து 72. கூட்டினால் கூடவில்லை.

ஏற்கெனவே பத்து உணவை விலக்கி, சாப்பிடவே பயந்து எடை குறைந்துகொண்டிருப்பவருக்கு இன்னொரு விலக்குப் பட்டியல் கொடுப்பதைவிட ஹிப்னோதெரபியை முதலில் கொடுக்கலாம். விலக்கியவற்றைத் திரும்பச் சேர்க்கும் தைரியமும் இதில் வரும்.

மருதம் | மார்ச் 10, இரவு 8:20

நல்ல குறிப்பு. யாருக்கு வேண்டாம் என்பதையும் இங்கேயே போட்டுவிடுகிறேன். மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் இருப்பவர், தன்னை மறந்து விலகிப்போகும் பிரச்சினை உள்ளவர், ஆறாத கடும் அதிர்ச்சி அனுபவம் உள்ளவர்: மனநல மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. வலிப்பு உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமர்வில் திடீரென்று அழுகை வருவதுண்டு. அது ஆபத்தில்லை, தெரபிஸ்ட் நிதானமாக இருந்து அழ விட்டு, பாதுகாப்பான இடத்துக்குத் திருப்பினால் போதும்.

ஆனால் "உன் வயிற்று வலிக்குக் காரணமான பழைய நினைவைத் தோண்டி எடுக்கிறேன்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மயக்க நிலையில் நடக்காத சம்பவமும் நடந்த நினைவாகப் பதியக்கூடும். ஐபிஎஸ்-க்கான எந்த முறையிலும் அது தேவையே இல்லை.

வலியை முழுக்க அணைக்கச் சொல்லும் சொற்களும் கூடாது. குடல்வால் அழற்சி வந்தால் அந்த வலி தெரிந்தாக வேண்டும். "பழக்கப்பட்ட, தேவையற்ற அந்த அசௌகரியம்" என்று குறிப்பிட்டுச் சொல்வது அதனால்தான். நோய் மாறினால் வலியின் குணமும் மாறும். அந்த மாற்றம் காதில் விழ வேண்டும்.

தென்றல்77 | மார்ச் 12, மாலை 6:45

பக்கத்தில் யாரும் இல்லையென்றால் செயலியில் கேட்டால் போதுமா? தெரபிஸ்ட் கிடைத்தால் அவரிடம் என்ன கேட்பது?

மருதம் | மார்ச் 12, இரவு 10:30

செயலி, ஒலிப்பதிவு எல்லாம் வந்துவிட்டன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-இல் ரெகுலோரா என்ற செயலிக்கு ஐபிஎஸ் வயிற்று வலிக்கு அனுமதி கொடுத்தது. குழந்தைகளில் நேரடி ஒப்பீடும் இருக்கிறது: 2017-இல் 260 பேரில், வீட்டில் குறுந்தகடு கேட்டவர்களில் 62 சதவீதமும் தெரபிஸ்டிடம் போனவர்களில் 71 சதவீதமும் ஓராண்டு முடிவில் தேறியிருந்தார்கள். கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒன்றுமே கிடைக்காததற்கு எவ்வளவோ மேல். செயலியின் பலவீனம், முன்னே சொன்ன எரிச்சல், முறுக்கு வித்தியாசம் அதற்குத் தெரியாது என்பது. இன்னொன்று, பாதியில் விடுபவர்கள் அதிகம். எங்கே விட்டாய் என்று கேட்க ஆள் இல்லை.

தெரபிஸ்டிடம் இவற்றைக் கேளுங்கள்: முதல் தொழில் என்ன (மருத்துவர், செவிலியர், உளவியலாளர் என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், ஹிப்னாடிசச் சான்றிதழ் மட்டும் போதாது), ஐபிஎஸ்-க்கான முறை தெரியுமா, எத்தனை அமர்வு, வீட்டுக்கு ஒலிப்பதிவு தருவாரா. நான்காவது கேள்விக்கு "தேவையில்லை" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். பொத்தாம்பொதுவாகப் புகைப் பழக்கத்துக்கும் எடைக்கும் செய்பவர் வெறும் தளர்வை மட்டும் கொடுத்து அனுப்புவார், குடலின் பெயரே அமர்வில் வராது.

கணக்கன் | மார்ச் 13, காலை 8:05

ஒன்று சேர்க்கிறேன். தொடங்கும் முன்பே ஐபிஎஸ் கடுமை அளவுகோலை நிரப்பி வையுங்கள். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 100: வலியின் கடுமை, பத்து நாளில் வலித்த நாள்கள், உப்புசம், மலப்போக்கில் திருப்தி, வாழ்க்கையில் குறுக்கீடு. 75-க்குக் கீழ் தணிந்த நிலை, 175 வரை லேசு, 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மூன்றாவது அமர்விலும் கடைசியிலும் திரும்ப நிரப்புங்கள். "கொஞ்சம் தேவல போல" என்ற நினைப்பை நம்பி நிற்க வேண்டாம்.

மருதம் | மார்ச் 13, இரவு 9:50

மூன்றாவது அமர்வில் எண் அசையவில்லை என்றால் கலங்க வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் அசைவது வலியும் "வாழ்க்கையில் குறுக்கீடு" என்ற கேள்வியும். மலத்தின் பதமும் உப்புசமும் பின்னால் வரும். மலச்சிக்கல் வகையில் இன்னும் தாமதம். ஆறாவது அமர்வு முடிந்தும், ஆடியோவை ஒழுங்காகக் கேட்டும் 50 புள்ளி குறையவில்லை என்றால் உருவகம் பொருந்தவில்லையா என்று முதலில் பாருங்கள், அப்புறம் வெண்ணிலா சொன்ன பித்த அமிலம், இடுப்புத்தளம் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையை இடையில் தானாக நிறுத்த வேண்டாம். எண் இறங்கி இரண்டு மூன்று மாதம் நிலைத்த பிறகு மருத்துவரோடு பேசி ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். ஆடியோவையும் அப்படியே: தினமும் என்பதை வாரம் மூன்று, பிறகு ஒன்று என்று இறக்கிக்கொள்ளலாம். தேர்வு, இடமாற்றம், வயிற்றுத் தொற்று போன்ற சமயத்தில் பழைய தொந்தரவு எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் மறுபடி தினமும் கேளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரே ஒரு அமர்வு கூடுதலாகப் போய்வரலாம்.